ஹாலுக்கு எந்த விரிப்பு: ஜமக்காளமா, கம்பளமா, பாயா?

விரிப்பு வாங்குவதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே தரையில் விரிப்பதன் முதல் நோக்கம் குளிரைத் தடுப்பது. நம் நிலைமை வேறு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறோம். தினமும் காலையில் பெருக்கி ஈரத்துணியால் துடைக்கிறோம். வீட்டுக்கு நான்கு பேருக்கு மேல் வந்தால் யாராவது தரையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் காயப்போட்ட துண்டே இரண்டு நாள் உலர்வதில்லை. ஆகவே நிறத்தையும் பூவேலையையும் பார்ப்பதற்கு முன்னால், இதைத் தூக்கி உதறப்போவது யார், நனைந்தால் எங்கே காயப்போடுவது என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதற்கும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டைத்தான். சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளம். 11 அடிக்கு 16 அடி ஹால். கண்ணாடி போல வழுக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். ஏழடி நீளத்தில் மூவர் அமரும் சோபா. எதிரே இரண்டு நாற்காலிகள். எழுபதைக் கடந்த, கைத்தடியோடு நடக்கும் அம்மாவும், தவழ்வதை விட்டு ஓடத் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தையும் அந்த ஹாலில்தான் பகல் முழுவதும் இருக்கிறார்கள். இத்தகைய வீட்டுக்கு ஐந்தாறு வகை விரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் எது வேண்டாம் என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, நான் ஏமாந்து வாங்கிய ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கம்பளி விரிப்பு ஒன்றை, ‘ஹேண்ட்மேட்’ என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, காலுக்கும் மெத்தென்றிருந்தது. ஆறாவது ஆண்டில் அதைச் சுருட்டியபோது, அது கிடந்த இடத்தில் கோலமாவு கொட்டியது போல வெளிர்மஞ்சள் தூள் படிந்திருந்தது. துடைத்தால் மறுவாரம் மீண்டும் படிந்தது. மழைக்காலத்தில் பழைய ரப்பர் செருப்பின் வாடையும் சேர்ந்துகொண்டது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அது ‘டஃப்டட்’ எனப்படும் வகை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் நூலைக் குத்திக் குத்தி ஏற்றுவார்கள். அந்தக் கருவியைப் பிடித்திருப்பது மனிதக் கைதான் என்பதால் ‘கையால் செய்தது’ என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த நூல் எதிலும் முடியப்பட்டிருக்காது. பின்புறம் லேட்டக்ஸ் பசையைப் பூசி, அதன்மேல் ஒரு துணியை ஒட்டி மறைத்திருப்பார்கள். விரிப்பின் ஆயுள் அந்தப் பசையின் ஆயுள்தான். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் லேட்டக்ஸ் விரைவாக முதுமையடைந்து, காய்ந்து, பொடிந்து உதிர்கிறது. தண்ணீரில் அலசினால் துணி பிரிந்து குமிழ்விடுகிறது. கடற்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருந்தாத வகை வேறொன்று இருக்க முடியாது என்பது என் கருத்து. விலை மட்டும் நடுத்தரமாக இருப்பதால், ‘மெஷினில் செய்ததும் வேண்டாம், மிக விலையுயர்ந்ததும் வேண்டாம்’ என்று நினைப்பவர்கள் நேராக இதில்தான் வந்து விழுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெற்றுத் துணியாக, ஒட்டப்பட்டதாக இருந்தால் அது டஃப்டட். கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளத்தில் முன்பக்கப் பூவேலை அப்படியே பின்பக்கமும் தெரியும்; சற்று மடித்து விரலால் விலக்கினால் அடியில் வரிசையாக முடிச்சுகள் தெரியும். இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சத்தையும் கவனிக்க வேண்டும். கைமுடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது அலங்காரமன்று. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களின் முனைகளே அவை. ஆகவே அவை கம்பளத்தின் உடலிலிருந்தே வெளிவர வேண்டும். விளிம்பில் தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால், அதை வேறு ஏதாவது பெயரில் விற்க முயல்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அந்தக் கைமுடிச்சுக் கம்பளம்தான் விரிப்புகளில் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காஷ்மீரிலும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்திலும் இன்றும் இது குடும்பத் தொழிலாக நடக்கிறது. இரண்டு வட்டாரக் கம்பளங்களுக்கும் புவிசார் குறியீடு உண்டு. விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தடிக்கு எட்டடி விரிப்பு என்பது 60 அங்குலத்துக்கு 96 அங்குலம், அதாவது 5,760 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சுகள் என்ற நடுத்தர நெருக்கத்தில் வைத்துக்கொண்டாலும் மொத்தம் 5,76,000 முடிச்சுகள். கை தேர்ந்த ஒருவர் ஒரு நாளில் எட்டாயிரம் முடிச்சுகள் போடுகிறார் என்றால், அந்த ஒரே விரிப்புக்கு 72 நாள் கூலி. பாவு கட்டுவது, சாயமேற்றுவது, கழுவிக் கத்தரிப்பது எல்லாம் இதற்கு மேல். ‘பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று ஒருவர் முன்வந்தால், அந்தப் பாதியை யாருடைய கூலியிலிருந்து எடுத்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் குழந்தைகளின் விரல்கள் சுரண்டப்பட்ட வரலாறும் உண்டு. அதை எதிர்த்துத்தான் 1994-இல் கைலாஷ் சத்யார்த்தி ‘ரக்மார்க்’ முத்திரையைத் தொடங்கினார். இப்போது அது ‘குட்வீவ்’ என்ற பெயரில் இயங்குகிறது. கம்பளம் வாங்குபவர்கள் கேட்டுப் பார்க்கத் தகுந்த முத்திரை அது.

ஆனால் நல்ல பொருள் என்பது வேறு, நம் வீட்டுக்கு ஏற்ற பொருள் என்பது வேறு. கம்பளி ஈரக்காற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நார். தொட்டால் ஈரம் தெரியாதபோதே கணிசமான நீரைத் தனக்குள் வைத்திருக்கும். முழுவதும் நனைந்த கம்பளி விரிப்பை இரண்டு பேர் சேர்ந்தாலும் மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. சோபாவுக்கு அடியில் வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத பகுதியில் அந்துப்பூச்சியின் புழு வந்து நூலை அரிக்கும்; ஆண்டுக்கு இரண்டு முறையாவது விரிப்பைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தையும் வாக்யூம் கிளீனரால் இழுக்க வேண்டும். நமக்குச் சாதகமான அம்சம் ஒன்றும் இருக்கிறது. கம்பளத்தை உண்மையில் தேய்ப்பது காலடி அன்று, காலணியோடு வரும் மணல். அது நூலின் அடியில் இறங்கி அரம் போல அறுக்கும். செருப்பை வெளியே விடும் வீட்டில் ஒரு கைமுடிச்சுக் கம்பளம் ஒரு தலைமுறையைத் தாண்டியும் உழைக்கும். குளிரூட்டிய அறை, பெரியவர்கள் மட்டுமே உள்ள வீடு, பராமரிக்க ஆள், கையில் பணம் ஆகிய நான்கும் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கள் வீட்டில் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

அடுத்ததாக, இணையக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் மெஷின் விரிப்புகள். இவற்றில் பெரும்பாலானவை பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் நூலால் விசைத்தறியில் நெய்தவை. இவற்றை இகழ்ந்து பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலிப்ரோப்பிலீன் நார் தண்ணீரை உறிஞ்சாது, பூச்சி அரிக்காது, காபி கொட்டினால் ஈரத்துணியாலேயே பெரும்பகுதியைத் துடைத்து எடுத்துவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் சிறு குழந்தை உள்ளவர்களுக்கும் இது நேர்மையான தேர்வுதான். குறைகள் இரண்டு: சோபாவின் கால் அழுத்திய இடத்தில் இழைகள் அமுங்கினால் மீண்டும் எழுவதில்லை; வெயில் வேளையில் வெறும் உடம்போடு அதன்மேல் படுத்தால் முதுகு கசகசக்கும். தரையில் படுத்து உறங்கும் பழக்கமுள்ள வீட்டில் இரண்டாவது குறை சிறியதன்று.

பட்டு போல மின்னும் ‘பாம்பூ சில்க்’, ‘ஆர்ட் சில்க்’ விரிப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெயர் எதுவானாலும் பெரும்பாலும் அது விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் நார். நனைந்தால் வலுவிழக்கும் நார் அது. ஒரு குவளைத் தண்ணீர் கொட்டிய இடம் காய்ந்தபின் மஞ்சளித்து, கட்டிதட்டிப்போய்க் கிடக்கும். ஐயம் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கடைக்காரரின் சம்மதத்தோடு தீக்குச்சியில் காட்டலாம். கம்பளியும் உண்மையான பட்டும் மயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் கரித்தூளாகும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலிப்ரோப்பிலீன் உருகிச் சிறு மணியாகக் கெட்டிப்படும். ‘பட்டு’ என்று சொல்லப்பட்டது காகித வாடையோடு எரிந்தால் விலையைப் பற்றி மேற்கொண்டு பேசுவதற்கே ஒன்றுமில்லை.

இனி, நான் கடைசியில் தேர்ந்தெடுத்த பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடும் ஊரில், ஈரோட்டுக்கு அருகில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெய்யப்பட்டு வருகிறது. அங்கே பேச்சில் ‘சமுக்காளம்’ என்பார்கள். 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாண மண்டபத்திலும் பஜனை மடத்திலும் உட்கார்ந்து பழகிய பொருள் என்பதாலேயே ஹாலுக்கு இதை நினைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. வெளிநாட்டுக்காரர் ‘ஃப்ளாட்வீவ்’ என்று பெயரிட்டு அழகாகப் படமெடுத்துப் போட்டால் உடனே கண்ணில் படுகிறது. இதன் அமைப்பு எளிமையானது. பாவுக்குக் குறுக்கே தடித்த பருத்தி ஊடை நூலை நெருக்கமாக அடித்து இறுக்குவதால் பாவு முழுவதும் மறைந்துபோய், ஊடையின் நிறங்களே அகன்ற பட்டைகளாகத் தெரிகின்றன. மேலெழும்பி நிற்கும் இழை கிடையாது, பசை கிடையாது, ஒட்டுத்துணி கிடையாது. ஆகவே தூசி உள்ளே தங்க இடமில்லை. பால்கனிக் கம்பியில் போட்டு நான்கு தட்டுத் தட்டினால் போதும். ஒருபக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். முழுவதும் நனைந்தாலும் சித்திரை வெயிலில் அன்று மாலைக்குள் காய்ந்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பவானியிலேயே இரண்டு வகை நெய்யப்படுகிறது: முழுப் பருத்தியில் பட்டை போட்டது ஒன்று, நடுவில் ஒரே நிறமும் கரையில் பூவேலையுமாக ரேயான் நூலில் நெய்தது மற்றொன்று. பளபளப்பைப் பார்த்து இரண்டாவதை எடுப்பவர்கள் அதிகம். அது மேடையிலும் சடங்கிலும் விரிக்கத் தக்கது. தினமும் மிதிபடும் இடத்துக்கு முழுப் பருத்தியே உழைக்கும். ஜமக்காளம், 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட பொருள்களில் ஒன்று. ஆனாலும் விசைத்தறியில் வெளியூரில் நெய்ததைப் பவானி என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்பது ஓயவில்லை. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் வாங்கினால் இந்தக் கவலை குறைவு. சாயம் போகுமா என்பதை அறிய, வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து அடர்நிறப் பட்டையில் நன்றாகத் தேய்த்துப் பார்ப்பது எளிய வழி. கைக்குட்டை சிவந்தால், முதல் மழைக்காலத்தில் டைல்ஸின் இடுக்குகளும் சிவக்கும். பருத்தி என்பதால் முதல் அலசலில் சற்றுச் சுருங்கும் என்பதையும் அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜமக்காளத்தின் உண்மையான குறை எடையின்மை. வழுக்கும் டைல்ஸில் அது நகர்கிறது, குழந்தை ஓடிவந்து நின்றால் மடிகிறது; கைத்தடியோடு நடப்பவருக்கு அந்த மடிப்பு ஆபத்து. கீழே வலை போன்ற ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டாக வேண்டும். விரிப்பைவிடச் சுற்றிலும் ஓரங்குலம் சிறியதாக வெட்டிப் போட்டால் வெளியே தெரியாது. அதையும் மாதம் ஒருமுறை எடுத்து, அடியிலுள்ள தரையைத் துடைத்து உலரவிட வேண்டும். இல்லாவிட்டால் மலிவான ரப்பர் தரையில் கறையாக ஒட்டிக்கொள்ளும். விரிப்பின் ஓர் ஓரத்தைச் சோபாவின் முன்கால்கள் அழுத்திக்கொண்டிருப்பது இன்னும் நல்லது.

பாய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பத்தமடைப் பாய் விரிப்புகளுக்கிடையே ஓர் அரசி. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கே அங்கிருந்து பாய் அனுப்பப்பட்டது. தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்துப் பிளந்த கோரையையும் பருத்திப் பாவையும் கொண்டு நெய்த மெல்லிய பாயை மடிக்கவே கூடாது, சுருட்டத்தான் வேண்டும்; அதன்மேல் சோபாவின் காலை வைத்தால் கோரை ஒடிந்துவிடும். எனவே ஹாலில் நிரந்தரமாகக் கிடக்கும் விரிப்பாக அதைக் கருத முடியாது. படுக்கையறையில் மாலையில் விரித்து, காலையில் சுருட்டி வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கு ஈடு கிடையாது. தென்னை நார் விரிப்பு வாசலுக்கும் திறந்த தாழ்வாரத்துக்கும் ஏற்றது. 1859-இல் ஆலப்புழையில் முதல் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து அது உலகெங்கும் கால்மிதியாகப் புகழ்பெற்றதற்குக் காரணம், அதன் சொரசொரப்பு செருப்பின் மண்ணைச் சுரண்டி எடுப்பதுதான். அதே சொரசொரப்பு குழந்தையின் முழங்காலையும் சுரண்டும்.

பொருள் முடிவானபின் அளவு. கடையில் பெரிதாகத் தெரியும் நான்கடிக்கு ஆறடி விரிப்பு, ஏழடிச் சோபாவின் முன்னே கிடந்தால் பெரிய பந்தியில் ஒற்றை இலை போட்டது போல இருக்கும். விரிப்பு சோபாவைவிட இருபுறமும் அரையடியாவது நீண்டிருக்க வேண்டும், முன்கால்கள் அதன்மேல் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் ஹாலுக்கு ஐந்தடிக்கு எட்டடி. வாங்குவதற்கு முன் பழைய நாளிதழ்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் மாலையே, பூஜை அறைக் கதவு திறக்கும்போது காகிதத்தின் ஒரு மூலையை இழுத்துச் சென்றது. விரிப்பை அரையடி தள்ளிப் போட வேண்டும் என்பது காசு செலவில்லாமல் தெரிந்துபோயிற்று. தடித்த கம்பளம் போடுபவர்கள் கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். சாப்பாட்டு மேசையின் கீழ் விரிப்பு போட விரும்புவோருக்கு, நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் அதன் கால்கள் விரிப்பிலேயே நிற்கும்படி மேசையைச் சுற்றி இரண்டடி கூடுதலாக வேண்டும் என்பது பொதுவிதி. சாம்பாரும் ரசமும் பரிமாறப்படும் வீட்டில் மேசையின் கீழ் எதையும் விரிக்காமல் இருப்பதே மேல் என்பது என் விதி.

மஞ்சள் கறையைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தியில் மஞ்சள் பட்டவுடன் சோப்பைப் போட்டால் அந்த இடம் சிவந்து நம்மைப் பதறவைக்கும். காரத்தில் மஞ்சள் நிறம் மாறுவதுதான் காரணம். அலசிவிட்டு வெயிலில் போட்டால், மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதைவதால் இரண்டு மூன்று நாளில் கறை பெருமளவு வெளுத்துவிடும். கம்பளிக்கு இந்த வைத்தியம் ஆகாது. சோப்பின் காரம் கம்பளியைக் கெடுக்கும். அலசி வெயிலில் போடக்கூடிய விரிப்பும், தொழில்முறைச் சலவைக்காரரை அழைக்க வேண்டிய விரிப்பும் அன்றாடச் செலவில் எப்படி வேறுபடும் என்பது இங்கேதான் தெரிகிறது.

கணக்கெல்லாம் போட்டபின், ஒரு கைமுடிச்சுக் கம்பளத்துக்கு ஒதுக்க நினைத்த தொகையின் சிறு பகுதியில் ஐந்தடிக்கு எட்டடியில் இரண்டு பருத்தி ஜமக்காளங்கள் வாங்கினோம், ஒன்று தரையில் கிடக்கும்போது மற்றொன்று துவைத்து மடித்து அலமாரியில் இருக்கட்டும் என்று. கருநீலமும் அரக்குச் சிவப்புமான பட்டைகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு மட்டுமன்று, காபிக் கறை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, இரு முனைகளிலும் இருந்த குஞ்சங்களை அடிப்பக்கமாக மடித்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே ஊசியால் நெருக்கமாகத் தைத்தது. கைத்தடியின் நுனி அதில் மாட்டும் என்று கடையில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.